இருவர் நடுவே உள்ள இடம்: தம்பதியின் நெருக்கத்தை வரைய முழு வழிகாட்டி

ஏற்காடு பகோடா பாயிண்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் போதும், ஒரே நிற்பை இருபது ஜோடிகளிடம் பார்த்துவிடலாம். தோள்மேல் ஒரு கை, கேமராவைப் பார்த்த இரண்டு முகங்கள், பின்னால் பள்ளத்தாக்கு. அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் பள்ளத்தாக்கு நன்றாக வரும். புடவைக் கரை நன்றாக வரும். முகம்கூட அச்சாக வந்துவிடும். ஆனால் அதில் இருப்பவர்கள் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு கிடைத்த இரண்டு பேர் மாதிரியே இருப்பார்கள்.

தப்பு முகச்சாயலில் இல்லை, வரையும் வரிசையில் இருக்கிறது. கணவரை உச்சி முதல் பாதம் வரை வரைந்து முடித்துவிட்டு, மிச்சமுள்ள இடத்தில் மனைவியைச் செருகுகிறோம். இரண்டு தனி ஓவியங்கள் ஒரே தாளில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இங்கே அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறோம்: முதலில் இருவரையும் சேர்த்து ஒரே வடிவம், அடுத்து அவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம், அதற்குப் பிறகுதான் ஆட்கள்.

எடுத்துக்கொள்ளும் வேலை இது: 15×22 அங்குலத் தாள், உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பதி, பென்சில் கோட்டின் மேல் நீர்வண்ணம். அவர்களோடு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். நீங்கள் தனியாகச் செய்ய இன்னொரு நான்கு மணி நேரம்.

சாமான்கள்

300 ஜி.எஸ்.எம். பருத்திக் காகிதம், லேசான சொரசொரப்புள்ள 'கோல்ட் பிரஸ்டு' ரகம். 22×30 அங்குல முழுத் தாளை இரண்டாக வெட்டினால் நம் அளவு. பயிற்சிக்கு அச்சகத்தில் விழும் வெட்டுத் தாளே போதும், ஐம்பது அறுபது வாங்கி வையுங்கள். மெல்லிய வில்லோ கரிக்குச்சி, 2பி, 4பி பென்சில், பிசையும் ரப்பர். உருண்டைத் தூரிகை 6, 10, 14; ஒரு அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று.

வண்ணம் ஐந்து: யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரைன் நீலம், குவினாக்ரிடோன் ரோஸ். கறுப்பு வேண்டாம். 'ஃபிளெஷ் டின்ட்' என்று விற்கும் ட்யூபும் வேண்டாம். அது நம் ஊரில் யாருடைய தோலும் அல்ல. கூரைப்புடவைச் சிவப்புக்கு ஆசைப்பட்டு பழைய ரக அலிசரின் கிரிம்சன் வாங்கிவிடாதீர்கள். ட்யூபில் நிறமிக் குறியீடு பி.ஆர். 83 (PR83) என்று போட்டிருந்தால் அதுதான்; வெளிச்சம் படப்பட வெளுத்துவிடும்.

பேச்சு முதலில்

பென்சிலைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் பேச வேண்டும். எப்படி உட்காரலாம், எங்கே தொடலாம், என்ன உடை என்பதை இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் ஒருவர் தலையாட்டுவதைப் பார்த்து மற்றவரும் தலையாட்டிவிடுவார். கூடத்தில் மாமியாரும் சித்தப்பாவும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கையில் கையைப் பிடிக்கச் சொல்லவே கூடாது. பிடிப்பார்கள், ஆனால் தோள் காது வரை ஏறியிருக்கும். அந்த இறுக்கம் கோட்டில் அப்படியே இறங்கும்.

காதல் கதையைக் கேட்டு நேரத்தைப் போக்க வேண்டாம். மூன்றே கேள்விகள் போதும். வீட்டில் இருவரும் சேர்ந்து சும்மா இருக்கும் நேரம் எது? அப்போது யார் எந்தப் பக்கம் உட்காருவார்? கை என்ன செய்துகொண்டிருக்கும்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குப் பக்கம் படிந்துபோயிருக்கும். இடது வலது மாற்றி உட்காரவைத்தால் உடம்பு அந்நியமாகிவிடும், காரணமே புரியாமல் படம் விறைக்கும்.

பேசியதை ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள்: குறிப்புக்கு எடுத்த செல்போன் படங்களை எப்போது அழிப்பது, ஓவியத்தை வெளியே காட்டலாமா, இணையத்தில் போடலாமா, பிரதி எடுக்கலாமா. இது வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர். வரைந்தது நீங்கள்தான் என்றாலும், அதை அச்சிட்டு விற்க அவர்கள் எழுத்தில் தந்த சம்மதம் வேண்டும்.

தலைப்பிலும் கவனம். சங்க இலக்கியக் காதல் பாடலான அகப்பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சொல்வது மரபல்ல. அந்த வழக்கம் ஓவியனுக்கும் நல்லது. பெயருக்குப் பதில் 'திண்ணை, மாலை 5 மணி' என்று வையுங்கள்.

எந்த நெருக்கம்?

நெருக்கம் என்றாலே கட்டிப்பிடிப்பது என்று நினைப்பது சினிமா போஸ்டர் கொடுத்த பழக்கம். நம் திணை மரபு அதைவிட விவரமானது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஒரே உறவுக்கு ஐந்து முகம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதும் குறித்து வைத்திருக்கிறது. புணர்தலுக்குரிய குறிஞ்சிக்கு யாமம் (நள்ளிரவு), இருத்தலுக்குரிய முல்லைக்கு மாலை, ஊடலுக்குரிய மருதத்துக்கு வைகறை, இரங்கலுக்குரிய நெய்தலுக்கு எற்பாடு (பொழுது சாயும் நேரம்), பிரிதலுக்குரிய பாலைக்கு நண்பகல். ஓவியனுக்கு இது ஆயத்த அட்டவணை. முதலில் உரிப்பொருளை, அதாவது இந்த ஐந்தில் எந்த முகம் என்பதை, முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற பொழுது, அதாவது வெளிச்சம், தானாக வரும். கடைசியில் கருப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கே உரிய செடி, பறவை, பண்டம் போன்றவற்றில் ஒன்றே ஒன்று.

ஊடல் வரைய மிகச் சுவையானது. இருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவள் கையில் இரண்டு டம்ளர். விடியற்காலைச் சாய்ந்த வெளிச்சம். அந்த இரண்டாவது டம்ளர்தான் படம் முழுவதும். இருத்தல் வேண்டுமா? எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் மாலையில் ஒருத்தி, இன்னும் வராதவனுடைய செருப்பு வைக்கும் இடம் காலியாக. ஆள் ஒன்றுதான், படம் இருவருடையது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை குறிஞ்சி நிலம் என்பதற்காக அங்கே எப்போதும் கூடலையே வரைய வேண்டும் என்றும் இல்லை. பாடியவர்களே திணையை மயங்கவிட்டவர்கள்தான்.

கருப்பொருளில் கஞ்சத்தனம் வேண்டும். ஏற்காட்டுப் படம் என்றால் ஏரி, படகு, ரோஜா, காப்பிச் செடி, மிளகுக்கொடி எல்லாவற்றையும் ஏற்றுவது சுற்றுலா விளம்பரப் பலகையின் வேலை.

உட்காரும் இருப்பைத் தேடுதல்

கேமராவுக்கு நிற்பதுபோல் நிற்கச் சொல்லாமல், வேலை கொடுங்கள். சேலத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. நெசவுக்காரர் வீட்டில் அவர் தறிக்குழியில் இருக்க, அவர் மனைவி பக்கத்தில் ராட்டையில் தார் (நெசவு நாடாவுக்குள் போகும் நூல்குச்சி) சுற்றுவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை, ஆனால் தார் தீர்வதற்கு முன் அடுத்த தார் கைக்கு வந்துவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் வீட்டில் ஒரே தாழ்ந்த மேசையில் இரண்டு தலைகள் குனிந்திருக்கும். நெற்றிக்கும் நெற்றிக்கும் ஒரு சாண் இருக்காது. தொழில் வேண்டாமென்றால் சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட் ஒன்று வாங்கி நடுவே வையுங்கள். ஒரு தட்டு, இரண்டு கை. யார் முதலில் எடுக்கிறார், யார் கடைசித் துண்டை மற்றவர் பக்கம் நகர்த்துகிறார் என்று பாருங்கள்.

அவர்கள் தம் போக்கில் இருக்கும்போது வேகக் கோட்டில் தொடங்குங்கள். கரிக்குச்சியால் 30 விநாடியில் ஒன்று வீதம் பத்து. 2 நிமிடத்தில் ஒன்று வீதம் ஐந்து. 5 நிமிடத்தில் மூன்று. முதல் பத்தில் முகம், விரல், மடிப்பு எதுவும் கூடாது. இருவர் முதுகெலும்பும் எப்படி வளைகின்றன, எங்கே எடை இறங்குகிறது என்பது மட்டும். இரு வளைவுகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா, ஒன்று நிமிர்ந்து மற்றது சாய்கிறதா, இரண்டும் ஒரே பக்கம் ஒதுங்குகின்றனவா என்பதிலேயே பாதிப் படம் முடிந்துவிடும்.

இந்தக் கிறுக்கல்களில் எதைத் தேர்வு செய்வது? ஒருவரை உள்ளங்கையால் மறையுங்கள். மீதி இருப்பவர் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த இருப்பு வேண்டாம். மறைத்ததும் மற்றவர் விழப்போகிறார், அல்லது எதையோ எட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறார் என்றால் அதுதான் நமக்கு வேண்டியது. சாய்மானம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. முழங்கால்மேல் ஊன்றிய முழங்கை ஒன்று போதும்.

தொடாமலும் இணைக்கலாம், பார்வை அதைச் செய்யும். சேலத்துக்கு மேற்கே தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு நாள் குறிப்பேட்டோடு போய்வாருங்கள். இராமன் சிற்பம் இருக்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரிய மாட்டான். பார்வைக் கோடு ஒருவழிப் பாதையாக இருக்கலாம் என்பதைக் கல்லில் செய்துகாட்டிய இடம் அது. தம்பதி படத்துக்கும் இதுவே. இருவரும் கண்ணோடு கண் பார்த்தால் கதை அங்கேயே முடிந்துவிடும், பார்ப்பவருக்கு வேலை இல்லை. ஒருவர் வேலையைப் பார்க்க, மற்றவர் அவரைப் பார்க்க, பார்க்கப்படுபவருக்கு அது தெரியாமல் இருந்தால் படம் மூச்சுவிடும்.

இருப்பு முடிவானதும் பாதம், முழங்கை, இடுப்பு படும் இடங்களை மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் எழுந்து நடக்கட்டும். திரும்பி வந்து குறிப்பில் உட்கார்ந்தாலும் முதல் மூன்று நிமிடம் கோடு போடாதீர்கள். உடம்பு தன் பழைய குழியில் இறங்க அவ்வளவு நேரமாகும்.

வெளிச்சம், தூரம்

பழைய வீட்டு முற்றத்து வெளிச்சம் நேர் மேலிருந்து விழும். நண்பகலில் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். காலை 7 முதல் 8.30 வரை, மாலை 4.30 முதல் 6 வரை நல்லது. வீட்டுக்குள் என்றால் வடக்கு ஜன்னல், அதிலிருந்து ஒன்று ஒன்றரை மீட்டர் தள்ளி அவர்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும், டியூப்லைட்டை அணையுங்கள். ஒருவருடைய நிழல் மற்றவர்மேல் விழும்படி உட்காரவைத்தால் பாதி வேலையை வெளிச்சமே செய்துவிடும். அவர் தோளின் நிழல் அவள் மார்பின் குறுக்கே விழுவதைவிடப் பலமான இணைப்புக் கோடு கையால் போட முடியாது.

நீங்கள் இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி இருங்கள். கிட்டப் போனால் முன்னால் இருப்பவர் முழங்கால் பூசணிக்காய் ஆகிவிடும், பின்னால் இருப்பவர் தலை சுண்டிவிடும். செல்போன் படத்தைப் பார்த்து வரைபவர்கள் அடிக்கடி விழும் குழி இது. குறிப்புப் படம் எடுத்தாலும் அதே மூன்று மீட்டரில் நின்று, 2 மடங்கு ஜூமில் எடுங்கள்.

கோடு

பருத்தித் தாளைத் தொடுமுன் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய, 5×7 செ.மீ. கட்டங்கள் ஆறு போட்டு, மூன்றே நிழல் அளவில் இருவரையும் ஒரே பொட்டலமாக வரைந்து பாருங்கள். வெள்ளை, சாம்பல், கருமை. நல்லதைத் தேர்ந்து பெரிய தாளுக்குப் போங்கள். அங்கே 2பி பென்சிலால், அழுத்தாமல்:

1. இருவரையும் சேர்த்துச் சுற்றி ஐந்து முதல் ஏழு நேர்கோடுகளால் ஒரே உறை போடுங்கள். தலை, கால், பக்கம் எதுவும் தாள் ஓரத்தை ஒன்றரை அங்குலத்துக்குள் நெருங்கக் கூடாது.

2. உறைக்குள் இருக்கும் வெற்றிடங்களைக் கண்டுபிடியுங்கள். அவள் கன்னம், அவர் கழுத்து, இரு தோள்கள் இவற்றுக்கு நடுவே ஒரு முக்கோணம் இருக்கும். வளைந்த கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு பிறை. மடிகளுக்கு நடுவே ஒரு கோணல் நாற்கரம். இவற்றை ஆட்களுக்கு முன்பே வரையுங்கள். அளவுக்கு முக அகலத்தை அலகாக வையுங்கள்: பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, இந்த இடைவெளி எத்தனை முக அகலம் என்று பாருங்கள். அளக்காமல் கண்மதிப்பில் போட்டால் இடைவெளி எப்போதும் பெரிதாகத்தான் வரும். ஒருவர்மேல் ஒருவர் ஏறிவிடுவார்களோ என்ற பயத்தில் கை தானாக விலக்கும். அந்தக் கூடுதல் அரை அங்குலம்தான் அவர்களை அந்நியர் ஆக்குவது.

3. தொடும் புள்ளிகளைச் சிறு குறுக்குக் கோடாகக் குறியுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் முக்கியமான மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மங்கவிடுங்கள்.

4. இப்போது வெளிக்கோடு. பென்சிலை எடுக்காமல் அவள் நெற்றியில் தொடங்கி, மூக்கு, முகவாய் வழியாக இறங்கி, அவர் தோளில் ஏறி, அவர் முழங்கை வழியாக அவள் மடிக்கு வாருங்கள். கோடு எங்கே ஒருவரை விட்டு மற்றவருக்குத் தாவியது என்று உங்களுக்கே தெரியாமல் இருந்தால் நல்லது.

5. உடம்பும் உடம்பும் சேரும் இடத்தில் இரண்டு கோடு வேண்டாம். ஒன்றைப் பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அவர் சட்டையும் அவள் புடவையும் ஒரே கருமை என்றால் அங்கே கோடே தேவையில்லை; இரண்டும் கலக்கட்டும்.

6. விளிம்பும் விளிம்பும் உரசிக்கொண்டு மட்டும் நிற்கக் கூடாது. அவள் மூக்கு நுனி அவர் கன்னத்தின் வெளிக்கோட்டை மயிரிழையில் தொட்டு நின்றால் ஆழம் செத்துவிடும், இரண்டு அட்டை உருவங்கள் ஒட்டியதுபோல ஆகும். ஒன்று தெளிவாக ஒரு செ.மீ.யாவது மேலேறட்டும், இல்லை தெளிவாக விலகட்டும்.

7. சரிபார்ப்பு: உட்கார்ந்தவர் இருக்கையிலிருந்து உச்சி வரை சுமார் நான்கு தலை உயரம். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை கையின் நீளம், முகவாயிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை உள்ள நீளம். இரு முகங்களும் ஒரே மட்டத்தில் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள். உயர வித்தியாசமும் சாய்வும் சேர்ந்தால் அப்படி வருவது அபூர்வம்.

தாளைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தால் மீதித் தவறு தெரியும்.

கைகள்

முகம் சரியாக வந்து கைகள் கெட்டால் படம் கெட்டது. கைகள் வந்து முகம் சுமாராக இருந்தாலும் படம் நிற்கும். கோத்த இரு கைகளில் இருபது விரல் இருப்பதாக மூளை பயப்படுகிறது. முதலில் இரண்டு கைகளையும் சேர்த்து விரலே இல்லாத ஒரு கட்டியாக, துணிக்குள் பொதிந்த மாங்காய் மாதிரி போடுங்கள். எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்று இரண்டாகப் பிரியுங்கள். கணுக்களின் வளைவை ஒரே வில்லாக இழுங்கள். கட்டைவிரல்கள் எங்கே இருக்கின்றன என்று முடிவு செய்யுங்கள், பிறகுதான் மற்ற விரல்கள். முழுதாக முடிக்க வேண்டியது மூன்று நான்கு விரல்களே. மிச்சம் நிழலில் கரைந்தால் யாரும் எண்ண மாட்டார்கள். எல்லா விரலையும் தீட்டினால்தான் எண்ணுவார்கள்.

அழுத்தம் தெரிய வேண்டும். சும்மா பட்ட கைக்கும் பிடித்த கைக்கும் வித்தியாசம் மூன்று இடத்தில்: விரல் பதிந்த இடத்தின் ஓரத்தில் சதை மெல்லப் புடைக்கும், துணிமேல் என்றால் மடிப்புகள் அந்தப் புள்ளியிலிருந்து கதிராகப் பிரியும், தொடும் இடத்துக்குக் கீழே படத்திலேயே கருமையான, மெல்லிய ஒரு நிழற்கீற்று இருக்கும். அந்தக் கீற்று இல்லையென்றால் கை மிதக்கும்.

வளையல் ஓவியனுக்கு நண்பன். மணிக்கட்டைச் சுற்றிய நீள்வட்டம் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். கொலுசும் அப்படியே, கண் மட்டத்துக்குக் கீழே போகப்போக அதன் நீள்வட்டம் அகலமாகத் திறக்கும். ஆனால் கொலுசின் ஒவ்வொரு கண்ணியையும் தீட்டி உட்கார்ந்தால் பார்ப்பவர் கண் காலிலேயே தங்கிவிடும். வெள்ளி என்பது பக்கத்தில் இருப்பதன் நிறம்தான்: இரண்டு கரும்புள்ளி, ஒரு வெள்ளைத் தாள் விட்ட மினுக்கு, போதும்.

நிறம்

நம் தோலுக்கு அடிப்படை: ஓக்கர் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, ரோஸ் ஒரு துளி, நிறைய நீர். இது முதல் பூச்சு. நடு நிழலுக்கு சியன்னா மூன்று பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பங்கு. அடர்ந்த நிழலுக்கு அம்பரும் அல்ட்ராமரைனும் சரிபாதி. கறுப்பைச் சேர்த்தால் மாநிறம் சாம்பல் பூத்துவிடும். திறந்த வெளியில் மாநிறத் தோலின் மேல்புறம், நெற்றி, மூக்குத்தண்டு, தோள்முனையில் வானத்தின் நீலம் படியும். அங்கே மிக நீர்த்த அல்ட்ராமரைன் ஒரு இழுப்பு இழுத்தால் தோல் உயிர்பெறும்.

ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். பெண்ணின் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்குவது நம் காலண்டர் ஓவியத்தின் பழக்கம். மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். பலன், அவள் வேறு ஒரு வெளிச்சத்தில், வேறு ஒரு படத்தில் இருப்பதாகத் தெரியும். நெருக்கம் அங்கேயே அறுந்துவிடும்.

முதல் பூச்சை இருவருக்கும் தனித்தனியாகப் போடாதீர்கள். தட்டைத் தூரிகையால் அவர் நெற்றியில் தொடங்கி, ஈரம் காயுமுன் அவர் கழுத்து, அவள் கன்னம், அவள் கை என்று நிறுத்தாமல் போங்கள். ஆளுக்கு ஆள் நிறம் மாறுவதை ஓடும் ஈரத்திலேயே கொஞ்சம் சியன்னாவோ ஓக்கரோ விட்டுச் சரிசெய்யலாம். தொடும் இடங்களில் நிறம் ஒன்றுக்குள் ஒன்று பாயட்டும். இரண்டாவது பூச்சு நிழல். அதுவும் இருவர் குறுக்கே ஒரே ஓட்டம். மூன்றாவதாக, கண், நாசி, விரல் இடுக்கு போன்ற கூர்மைகள். இதற்கு மேல் நான்காவது பூச்சு தேவைப்பட்டால் எங்கேயோ முதலில் தவறியிருக்கிறீர்கள். கடைசியாக, எதிரொளி: சிவப்புப் புடவை அவர் தாடையின் அடிப்புறத்தில் மெல்லிய ரோஸாகத் தெரியும், வெள்ளை வேட்டி அவள் முன்கையின் கீழ்ப்பக்கத்தை வெளிச்சமாக்கும். ஒருவரின் நிறம் மற்றவர் மேல் இருப்பது கண்ணால் காணக்கூடிய உண்மை, உவமை அல்ல, விடாமல் தீட்டுங்கள்.

இனி ஊர். சித்திரை வைகாசியில் சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு பூச்சு மூன்று நான்கு நிமிடத்தில் காய்ந்து, ஓரத்தில் கோடு கட்டிவிடும். முகத்தில் கோடு விழுந்தால் சுருக்கம் போலத் தெரியும். விசிறியை நிறுத்துங்கள், காலையில் வேலை செய்யுங்கள், தாளின் இருபுறமும் நனைத்து அக்ரிலிக் பலகைமேல் ஒட்டப் போடுங்கள். அடியில் உள்ள ஈரம் கூடுதல் அவகாசம் தரும். அரை லிட்டர் நீரில் நான்கைந்து சொட்டு கிளிசரின் விடலாம். அதற்கு மேல் விட்டால் தாள் பிசுபிசுத்து தூசி பிடிக்கும்.

ஏற்காட்டில், 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகை மூடுபனியில் நிலைமை நேர்மாறு. அரை மணி ஆனாலும் காயாது. காய்ந்ததுபோல் தெரியும் தாளில் அடுத்த பூச்சை வைத்தால் நீர் பின்னோக்கி ஓடி காலிஃபிளவர் மாதிரி விளிம்பு பூக்கும். புறங்கையைத் தாளுக்கு அருகே வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஹேர் டிரையரை ஒரு அடி தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள்.

மூடுபனியைப் பின்னணியாக்க வெள்ளை பெயின்ட் தேவையில்லை. ஆட்களைச் சுற்றித் தாளை நனைத்து, மிக நீர்த்த அல்ட்ராமரைனில் துளி அம்பர் விட்டுப் பரப்புங்கள். பாதி காய்கையில் சில்வர் ஓக் மரத்தண்டுகளை அதைவிட ஒரே படி கருமையில், மேலே போகப்போக மறையும்படி இழுங்கள். பனியில் கருமை வெள்ளை வித்தியாசம் சுருங்கிவிடும் என்பதால், முழுக் கருமை ஆட்களிடம் மட்டும் இருக்கட்டும். அப்போது உலகம் விலகி, இருவர் மட்டும் கிட்டே வருவார்கள்.

முடிவு, படச்சட்டம், பயணம்

அதிகம் தீட்டிக் கெடுப்பதுதான் கடைசி ஆபத்து. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இருவரும் ஒரே உருவமாகவும், கண்ணை விரித்தால் இரு ஆட்களாகவும் தெரிந்தால் தூரிகையைக் கழுவிவிடுங்கள். முகச்சுருக்கம், நரை, வழுக்கை இவற்றை உங்கள் இஷ்டத்துக்கு நீக்க வேண்டாம். அறுபதாம் கல்யாணத்துக்கு வரையும் படத்தில் இது அடிக்கடி வரும் சிக்கல். பிள்ளைகள் இளமையாக்கச் சொல்வார்கள், படத்தில் இருக்கப்போகிறவர்களிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

கரிக்குச்சிப் படங்களையும் அவர்கள் கேட்பார்கள். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரேயான பிக்ஸேட்டிவ் அடிக்கும்போது 30 முதல் 45 செ.மீ. தள்ளி, மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு, நடுவே பத்து நிமிடம். பனி இறங்கிய நாளில் மலைமேல் அடித்தால் வெளேரென்று படலம் கட்டும். சேலத்துக்கு வந்து அடியுங்கள். ஆனால் 20 ஹேர்பின் வளைவு இறங்கும்போது தாளும் தாளும் உரசிக் கரி எல்லாம் புகையாகிவிடும் என்பதால், ஒவ்வொன்றின் நடுவிலும் பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு கெட்டி அட்டைக்குள் நான்கு பக்கமும் கிளிப் போட்டுப் படுக்கையாகக் கொண்டுவாருங்கள். சுருட்டவே கூடாது.

படச்சட்டத்தில் கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. அமிலமில்லா மவுண்ட் போர்டு இடைவெளி கொடுக்கும். ஏற்காட்டு வீடென்றால் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள், சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் பின்னால் ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும், பூஞ்சைப் புள்ளி விழாது. சேலத்து வீடென்றால் ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரை மட்டும் தவிர்த்தால் போதும். உயரம், அவர்கள் இருவரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தபடி பார்க்கும் கண் மட்டம்.